நா அறிந்த நெறியைக் கை அறிவதெப்படி?

(கடலூரில் தமிழாசிரியரும் தமிழன்பரும் கூடிய அவையில் நிகழ்ந்த பொழிவின் எழுத்துருவம்)

 

மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் நோக்கி நடந்துவரும் ஒருவர் வழிநெடுகக் கடைப்பலகைகளைப் படித்துக்கொண்டே வருவாராயின், 'துணி கடை' என்றும் 'பழ கடை' என்றும் 'கீரை கடை' என்றும் ஒற்றிழந்து நிற்கும் எழுத்துகள் அவர் கண்ணிற் படாமற் போகா. அப்பலகையின்கீழ் அமர்ந்து கீரை விற்கும் மூதாட்டியை, "இஃது என்ன கடை, அம்மா?" என வினவுக. "கீரைக்கடை" என்று ககரத்தை அழுத்தியே அவர் விடை கூறுவார். அவரே வீடு சென்று மகளை நோக்கிக் "கீரை கடைந்து வை" என்னும்போது அதே ககரம் மெலிந்து ஒலிக்கும். கீரையை விற்கும் கடை வேறு. கீரையைக் கடைதல் வேறு. இவ்வேறுபாட்டை அம்மூதாட்டிக்கு யார் கற்பித்தார்? பள்ளிப்படி மிதியாத அவருடைய நா பிழை செய்யவில்லை. பள்ளியிற் பத்தாண்டு இருந்து வந்தவரின் கையே பிழை செய்தது.

நாவிற்கும் கைக்கும் இடையே அறுந்துகிடக்கும் கயிறு யாது? அதன் பெயரே இலக்கணம். அக்கயிற்றை மீண்டும் முடிவது எவ்வாறு என்பதே இன்றைய பொழிவின் பொருள்.

இலக்கணத்தை வெளிப்படையாகக் கற்பிக்க வேண்டுமா, வேண்டாவா என்னும் வழக்கு இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. வேண்டா என்பார் கூறுவனவற்றை முதற்கண் நடுநிலையோடு கேட்டல் வேண்டும். "குழந்தை தாய்மொழியை இலக்கணம் படித்தா பேசக் கற்றது? கேட்டுக் கேட்டன்றோ கற்றது! பிறகு நூற்பாவும் உரையும் எதற்கு? நூற்பாவை நெட்டுருப் பண்ணியவன் ஒரு மடல் எழுதத் தெரியாமல் விழிக்கின்றானே!" என்பது அவர் கூற்று. இக்கூற்றுக்குச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் ஆங்கிலக் கல்வி பற்றி 1963இல் பிராடக்கு முதலியோர் வெளியிட்ட அறிக்கை, எழுத்துப் பயிற்சியினின்று பிரித்துக் கற்பிக்கப்பெற்ற இலக்கணம் மாணாக்கரின் எழுத்தைத் திருத்துவதில்லை என முடிவு கூறிற்று. அதனை மறுக்கவேண்டுவதில்லை. பிரித்துக் கற்பித்தது என்னும் சொல்லை மட்டும் குறித்துக்கொள்க. நீரினின்று பிரித்துக் கரையில் நிறுத்தி நீந்தக் கற்பித்தால் எவன் நீந்துவான்?

ஆயின், கேட்டே கற்கலாம் என்னும் கூற்று தமிழ்ப்பிள்ளைக்கு எவ்வளவு பொருந்தும்? கடலூர் முதுநகரில் ஒரு சிறுவன் "அவங்க போயிட்டாங்க" என்கின்றான். "அவர்கள் போய்விட்டார்கள்" என எழுதவேண்டும். "மாடுங்க வந்துச்சு" என்கின்றான். "மாடுகள் வந்தன" என எழுதவேண்டும். "வெச்சிருக்கு" என்கின்றான், "வைத்திருக்கிறது" என எழுதவேண்டும். வீட்டில் எவரும் எழுத்துத் தமிழில் பேசுவதில்லை. ஆகலின், அதனைக் கேட்டே கற்றல் அவனுக்கு இயலாது. பேச்சுத் தமிழில் அவன் வீட்டுப்பிள்ளை. எழுத்துத் தமிழில் வாயிலில் நிற்கும் புதுவிருந்தினன். ஒன்றினின்று மற்றொன்றிற்குச் செல்லும் வழியை ஆசிரியர் கைப்பிடித்துக் காட்டல் வேண்டும்.

எனினும், அவன் வெறுங்கையோடு வரவில்லை. "எனக்கு தெரியாது" என்று ஒற்றின்றி எழுதும் அச்சிறுவனே, சொல்லும்போது தகரத்தை இரட்டித்தே சொல்கின்றான். நான்காம் வேற்றுமையுருபின்பின் வல்லினம் மிகும் என்னும் நெறி அவன் நாவில் முன்னரே குடியிருக்கின்றது. கீரைக்கடை மூதாட்டியின் நிலையும் அதுவே. இல்லாத ஒன்றைப் புதிதாகத் திணிப்பது இலக்கணத்தின் வேலையன்று. காதிற்கும் நாவிற்கும் தெரிந்ததைக் கண்ணிற்குக் காட்டி, அதற்கொரு பெயரிட்டு, கைக்கு வழக்கமாக்குவதே அதன் வேலை. தாய்மொழியாளர்க்கு இலக்கணம் கற்பிப்பார் மறக்கலாகாத முதலுண்மை இது.

இவ்வுண்மை மேனாட்டார் சொல்லித் தமிழர் அறிந்ததன்று. தொல்காப்பியர் தம் நூலுக்கு அடிப்படையாகக் கொண்டவை வழக்கும் செய்யுளும் என அந்நூற்பாயிரமே கூறும். வழக்கு முன், செய்யுள் பின். 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட நன்னூல் இயற்றிய பவணந்தியார், ஆசிரியர் இயல்பையும் பாடஞ்சொல்லும் முறையையும் மாணாக்கர் இயல்பையும் பாடங்கேட்கும் முறையையும் பொதுப்பாயிரத்தில் வகுத்த பின்னரே எழுத்திலக்கணத்துட் புகுகின்றார். நூல் பயில்வோன் செய்யவேண்டியன என அவர் ஏழனை எண்ணுகின்றார். அவற்றுள் முதலாவது, உலகவழக்கை அறிதல். பாடத்தைப் போற்றுதலும், கேட்டதை நினைத்தலும், ஆசிரியரை அடுத்து மீண்டும் கேட்டலும், உடன்பயில்வாரோடு பழகுதலும், வினாவுதலும், வினாவினார்க்கு விடை தருதலும் அதன்பின் வருவன. ஏழனுள் எங்கும் பொருளறியா நெட்டுரு இல்லை. வழக்கிலே தொடங்கி வினாவிடையிலே முடியும் அம்முறையை விட்டுவிட்டு, போற்றுதல் என்னும் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டது பிற்காலத்தார் குறை. அதனை நன்னூலார்மேல் ஏற்றுதல் முறையன்று.

இம்முறையைப் புதுக்காலத்திற்கேற்ப மீட்டெடுத்த முயற்சிகளிற் சில இவ்வட்டாரத்திலேயே நிகழ்ந்தன என்பது கடலூரார்க்கும் சிதம்பரத்தார்க்கும் பெருமை தருவது.

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822இல் தோன்றிய ஆறுமுக நாவலர், 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலை என்னும் பள்ளியை நிறுவினார். அவர் நூற்பாப் புலமையில் எவர்க்கும் பின்வாங்காதவர்; நன்னூலுக்குக் காண்டிகையுரை தந்தவர். அத்தகையவர் பள்ளிச்சிறார்க்கென எழுதியபோது நூற்பாவைத் தள்ளிவைத்து, எளிய உரைநடையில் 'இலக்கணச் சுருக்கம்' எழுதினார். எழுத்து, சொல் என்பவற்றோடு நில்லாமல், சொற்கள் தொடராய் இயையும் முறைக்கெனத் தொடர்மொழியதிகாரம் என ஒரு பகுதியும் வகுத்தார். ஒவ்வொரு பிரிவின் ஈற்றிலும் தேர்வு வினாக்களை வைத்தார். படித்தான், விடையிறுத்தான், பிறகே அடுத்ததற்குச் சென்றான் என்னும் ஒழுங்கு அந்நூலின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது. 'இலக்கண வினாவிடை' என்னும் அவரது மற்றொரு நூலின் பெயரே அதன் முறையைச் சொல்லும். நாவலரின் நடையில் வடசொல் மிகுதி என்பது தனித்தமிழன்பர் அறிந்ததே. அது வேறு வழக்கு. கற்பிக்கும் முறையில் அவர் காட்டிய வழி போற்றத்தக்கது.

இதே கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூரில் ஞானியார் மடத்தின் ஐந்தாம் தலைவராய் விளங்கிய அடிகளார் (1873–1942), மடத்தைத் தமிழ்ப்பள்ளியாகவே நடத்தினார். 1901இல் பாண்டித்துரையார் மதுரையில் தமிழ்ச்சங்கம் காண்பதற்கு ஊக்கமளித்தவர் எனவும் போற்றப்பெறுகின்றார். நாடி வந்தார்க்கு இலக்கண இலக்கியம் பயிற்றிய அவர், பேச்சு மேடையில் ஏறின் நெடும்பொழுது அவையைப் பிணிக்கும் நாவலராகவும் திகழ்ந்தார். இலக்கணம் கற்றால் நடை இறுகிவிடும் என்பார்க்கு அவர் வாழ்வே விடை.

மூன்றாமவர் பாவாணர். 1956 முதல் 1961 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் திரவிட மொழியாராய்ச்சித் துறையிற் பணியாற்றிய மொழிஞாயிறு, அதற்குமுன் நெடுங்காலம் பள்ளித் தமிழாசிரியர். சொற்பிறப்பாராய்ச்சிக்காகவே அவரைப் போற்றுவார் பலர். பள்ளிப்பிள்ளைகளுக்காக அவர் எழுதிய 'கட்டுரை வரைவியல்', 'உயர்தரக் கட்டுரை இலக்கணம்' என்னும் நூல்களை நினைப்பார் சிலர். அந்நூற்பெயர்களை உற்று நோக்குக. கட்டுரையும் இலக்கணமும் அங்குப் பிரிந்து நிற்கவில்லை. பிழையின்றி எழுதுவதற்கே இலக்கணம், எழுதும்போதே இலக்கணம். 2012இல் இங்கிலாந்தின் எக்சிடர்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மைகில் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, எழுத்துப் பாடத்தோடு இணைத்துக் கற்பித்த இலக்கணம் மாணாக்கரின் எழுத்தைச் சிறப்பித்ததெனக் காட்டிற்று. முன்னரே நன்கு எழுதுவார்க்கு அப்பயன் மிகுதியாயிற்று என்றும் அவர்கள் கண்டனர். ஆகலின், மெல்லக் கற்பார்க்கு இன்னும் பொறுமையாய், இன்னும் மிகுந்த பயிற்சியோடு கற்பித்தல் வேண்டும் என்பதும் பெறப்படும்.

இனி, தமிழைத் தாய்மடியிற் கேளாதார் நிலை யாது? 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய செருமானியர் சீகன்பால்கு, திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்திற்கே பிள்ளைகளோடு வருவித்து, அச்சிறாரோடு சிறாராய் மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். கேட்டும் எழுதியும் கற்ற அவர் அதனோடு அமைந்தாரா? இல்லை. தமக்குப்பின் வருவார்க்கு வழிவேண்டி, இலத்தீன் மொழியில் ஒரு தமிழிலக்கணம் எழுதினார். அது 1716இல் செருமனியின் ஆல்லே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவரும் அவ்வாறே செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனி இலக்கணம் வகுத்தார். வெளியிலிருந்து வருபவனுக்கு நாவில் நெறி இல்லை. ஆகலின், நெறியைச் சொல்லியே தரவேண்டும் என்பதனை அவர்கள் தம் பட்டறிவால் உணர்ந்தனர்.

இன்று அந்நிலையில் நிற்பவர் அயலார் மட்டுமல்லர். இலண்டனிலும் தொரண்டோவிலும் பிறந்து, கிழமையிறுதியில் மட்டும் தமிழ்ப்பள்ளிக்கு வரும் தமிழ்க்குழந்தையும் அந்நிலையிலேயே நிற்கின்றது. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிருக்கும் சிங்கப்பூரில், 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட மீளாய்வுக்குப் பின்னர் வகுப்பறையிற் பேச்சுத்தமிழுக்கும் இடம் தரப்பட்டது. வீட்டில் தமிழ் கேளாத பிள்ளைக்கு முதலில் நாவில் தமிழ் ஏறவேண்டும் என்பது அதன் கருத்து. அது முறையே. ஆனால், கிழமைக்கு ஒருநாள் கேட்பவன் கேட்டே அனைத்தையும் கற்க எத்தனை ஆண்டு வேண்டும்? ஒரு நெறி ஓராண்டுக் கேள்வியை ஒரு வேளையிலே தந்துவிடும் இடங்களும் உள.

ஓர் எடுத்துக்காட்டு. 'கண்ணாடி உடைந்தது' என்பதற்கும் 'கண்ணாடியை உடைத்தான்' என்பதற்கும் உள்ள வேறுபாடு அயன்மொழிச் சூழலில் வளர்ந்த பிள்ளைக்கு எளிதில் விளங்காது. வளர்ந்தான் – வளர்த்தான், பிரிந்தது – பிரித்தது, திருந்தினான் – திருத்தினான், அடங்கினான் – அடக்கினான், திரும்பினான் – திருப்பினான் என இணையிணையாக எழுதிக் காட்டுக. மெல்லினம் நின்ற இடத்து வல்லினம் வந்தால், தானே நிகழ்ந்தது பிறிதொன்றை நிகழ்த்தியதாய் மாறுகின்றது என்பதனைப் பிள்ளையே கண்டு சொல்லும். தன்வினை, பிறவினை என்னும் பெயர்களை அப்போது தருக. வல்லினம் வந்த வினையெல்லாம் பிறவினையாகா, 'படுத்தான்' என்பது தன்வினையே, இந்நெறி இத்தகைய இணைகளுக்கே உரியது என்பதனையும் உடன் சொல்லுக. இத்தனையும் ஒரு வகுப்பு வேளையில் முடியும். பயனோ வாழ்நாள் முழுதும்.

அயன்மொழி கற்பித்தல் பற்றி 49 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய நோரிசு, ஒர்டேகா என்னும் இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவும் இதற்கு அரண் செய்கின்றது. நெறியை விளக்கிக் கற்பித்தல், விளக்காது விடுதலினும் பயன்மிக்கது என்பது அவர் கண்டது. அவ்வாய்வுகளின் தேர்வுகள் பலவும் நெறியறிவை அளப்பனவாயும், இயல்பான பேச்சைக் குறைவாகவே அளப்பனவாயும் இருந்தன என்பதனை அவர்களே சுட்டியுமுள்ளனர். ஆகவே, நெறி தெரிந்தாற் போதும், பேச்சு தானே வரும் என எவரும் எண்ணற்க. நெறியும் வேண்டும், பழக்கமும் வேண்டும்.

தாய்மொழி வகுப்பில் இவ்விரண்டும் இணையுமாறு ஒரு பாடத்தை நடத்திக் காட்டலாம். ஆசிரியர் கரும்பலகையில் ஒன்றும் எழுதாமல், "வேலை கொடு" எனவும் "வேலைக் கொடு" எனவும் இருமுறை சொல்கின்றார். மாணாக்கர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கின்றனர். "இரண்டும் ஒன்றா?" என்பது முதல் வினா. "இல்லை" என்பர். "முதலாமவன் கேட்டது என்ன? இரண்டாமவன் கேட்டது என்ன?" என்பது அடுத்தது. பணி கேட்டவன் ஒருவன், வேற்படை கேட்டவன் மற்றொருவன் என்பதனைச் சிலர் உடனே சொல்வர். சிலர் சிரித்துக்கொண்டே உணர்வர். "இரண்டாவதில் மறைந்து நிற்கும் சொல் யாது?" என்றால், 'வேல்' என்பது வெளிப்படும். வேல் என்பதனோடு ஐ சேர்ந்து வேலை ஆயிற்று. அவ் ஐயின்பின் ககரம் மிக்கது. வேலை என்னும் பெயரிலோ உருபு இல்லை, ஆகலின் மிகவில்லை.

இதன் பின்னரே ஆசிரியர் சுண்ணக்கோலைக் கையில் எடுக்கவேண்டும். இரண்டாம் வேற்றுமை வெளிப்பட நின்றால் வலி மிகும். தொகையாய் மறைந்தால் பெரும்பாலும் மிகாது என்னும் நெறி அப்போது பலகையிற் பிறக்கும். இவ்விடத்திற் கூரிய மாணாக்கன் ஒருவன், "அப்படியாயின் கீரைக்கடையில் ஏன் மிக்கது?" என வினவுவான். அவனை வாழ்த்துக. உருபோடு 'விற்கும்' என்னும் பயனும் சேர்ந்து மறைந்தமையால் அங்கு மிக்கது என அவனுக்கு விடை தருக. மறுநாள் ஒவ்வொருவரும் தத்தம் தெருவிலுள்ள பலகைகளிற் பத்தினைக் குறித்து வந்து, எது சரி, எது பிழை, ஏன் பிழை என எழுதுக. நூற்பாவை அதன்பின் படிக்கட்டும். பொருளறிந்து படித்த நூற்பா மறவாது. நூற்பாவே பின்னர் அந்நெறியைக் காக்கும் பேழையாகும்.

முதல் ஐந்து வகுப்புகளில் இலக்கணப் பெயர்கள் மிகுதியாக வேண்டா. ஒலித்தலும் ஒப்பிடலும் திருத்தலுமே போதும். ஆறு முதல் எட்டுவரை பெயர்களும் நெறிகளும் வருக. அதற்குமேல் நூற்பாவும் உரையும் வருக. இலக்கணத்திற்கெனத் தனிநாள் ஒதுக்கிவிட்டு, கட்டுரைத்தாளில் ஒற்றுப்பிழையைக் காணாது விடுதல் எந்த வகுப்பிலும் ஆகாது.

அன்பர்களே! இலக்கணத்தைக் கற்பிக்காது விட்டால் இழப்பவர் யாவர்? நூலும் நூலறிந்த தந்தையும் உள்ள வீட்டுப்பிள்ளை எவ்வாறேனும் கற்றுக்கொள்ளும். பிழை செய்யின் திருத்த ஆளுண்டு. கடலூர்த் துறையில் வலை இழுப்பவரின் மகனுக்கும், கொள்ளிடக்கரையில் நாற்று நடுபவரின் மகளுக்கும் திருத்துவார் ஆசிரியரன்றி வேறு யார்? நேர்முகத்திலும் தேர்விலும் அலுவலகத்திலும் அப்பிள்ளையின் ஒற்றுப்பிழையையும் ஒருமை பன்மை மயக்கத்தையும் கண்டு நகைக்க மட்டும் பலர் இருப்பர். கேட்டே கற்கட்டும் என்று விடுதல், கேட்க வாய்ப்பில்லாதாரைக் கைவிடுதலே.

சிதம்பரத்தில் அடிகள் சகசானந்தர் 1916இல் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். நந்தனார் புறத்தே நிறுத்தப்பட்ட ஊரில் அப்பெயரால் ஒரு கல்விக்கதவு திறக்கப்பட்டது. வெளிப்படையாகச் சொல்லப்பெற்ற நெறி எவர்க்கும் உரியது. சொல்லாது மறைந்து நிற்கும் நெறியோ, அதனைப் பிறப்பாற் பெற்றவர்க்கே உரியது. இலக்கணத்தை அஞ்சத்தக்கதாகவும் புலவர்க்கே உரியதாகவும் ஆக்கிவைத்தவர் எவராயினும், அவர் தமிழ்க்கதவைச் சாத்தியவரே.

மொழியும் இழக்கும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டு மெய்யும் தமிழிற் சொன்முதலாகா. வடசொல் வரின் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு புணர்த்துக் கொள்க என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. இந்நெறிகளைக் கற்றவன் இலண்டன் என்றும் உரோம் என்றும் எழுதி, அயற்பெயரையும் தமிழ்க்கோலத்தில் வரவேற்கின்றான். கல்லாதவன் தன் மொழியின் வாயிற்காவல் எது என்றே அறியான். எனவே, எதனையும் எவ்வாறும் உள்ளே விடுகின்றான். மொழித்தூய்மை ஆர்ப்பரிப்பால் மட்டும் நிலைக்காது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "இச்சொல் தமிழன்று, ஏனெனில்..." என ஏது காட்டிச் சொல்லும் நாளில்தான் அது நிலைக்கும்.

ஆகவே, இவ்வவையிலுள்ள ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். நாளை முதல் நாடோறும் ஒரு நெறி, ஒரே நெறி, மாணாக்கரின் வாய்ச்சொல்லிலிருந்தே தொடங்கட்டும். அன்றைய எழுத்துத்தாளிலேயே முடியட்டும். பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். மதிப்பெண் எத்தனை எனக் கேட்பதோடு, இன்று எந்தப் பிழையைத் திருத்தினாய் எனவும் பிள்ளையைக் கேளுங்கள். இளைஞர்க்கும் ஒன்று. ஒற்று விடுபட்ட கடைப்பலகையைக் கண்டால் எள்ளி நகையாடற்க. கடைக்காரரிடம் சென்று அன்போடு சொல்லுக. எழுத்துக்காரர் வண்ணமும் தூரிகையும் கொண்டுவந்து ஒரு புள்ளியிட்ட ககரத்தைச் சேர்க்க நெடும்பொழுது ஆகாது.

அப்பலகையின்கீழ் அமர்ந்திருக்கும் மூதாட்டியின் நா என்றும் சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கின்றது. அவர் தலைக்குமேலுள்ள எழுத்தும் சரியாகட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்க்கல்வி!